வீட்டாரின் சாட்சி

"காலர் மடிப்பு சரியில்ல. திருப்பித் தேய்!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்ட பிடுங்கல் இது. அவள் சலவைக்கடையில் பதினோரு வருடமாக இஸ்திரி போடுகிறவள். நாளொன்றுக்கு நூறு சட்டை, நூற்றிருபது சட்டை என்று தேய்த்துத் தள்ளுகிறவள். பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் அவள் கைபட்ட காலரோடுதான் நாற்காலியில் போய் உட்காருகிறார்கள். அவளுக்குக் காலர் மடிக்கத் தெரியாதாம்! சட்டையைத் திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடியும் தேய்த்தாள்.

"போதகர் உன்னை எழுப்பிக் கேட்பாரு. நீ என்ன சொல்லணும்?" என்றார் கணவர், கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டே.

"எனக்குத் தெரியும்ங்க."

"தெரியும்னா சொல்லு!"

"நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, ஒப்பிச்சுக் காட்ட?"

அவர் சட்டென்று திரும்பினார். அச்சகத்தில் பதினாறு பேருக்கு மேஸ்திரி. அங்கே அவர் திரும்பினாலே மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடும் என்று ஒரு பேச்சு. சபையிலோ அப்படி ஒரு சாந்தசொரூபி! குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுவார், வயதானவர்களைக் கைபிடித்து நாற்காலியில் உட்காரவைப்பார், ஜெபம் பண்ணும்போது குரல் தழுதழுக்கும். அந்தக் குரலில் பாதியாவது வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

அன்றைக்கு அவரை மூப்பராக ஏற்படுத்தும் நாள். அந்தச் சபையில் மூப்பர் என்றால் சும்மா இல்லை. போதகருக்கு அடுத்த ஸ்தானம். புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால்கூட அவரிடம்தான் போய் நிற்பார்கள். அதனாலேயே அங்கே ஒரு பழைய வழக்கம் இருந்தது. தலையில் கைவைத்து ஜெபித்து மூப்பராக்குவதற்கு முன்னால், கடந்த ஐந்து வருடத்தில் அந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களைப் போதகர் ஒவ்வொருவராக எழுப்புவார். கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இங்கே நிற்கிற இவர்தான் வீட்டிலும் இருக்கிறாரா?" ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஒரே ஒரு 'இல்லை' விழுந்தாலும் போச்சு, அந்த மனிதர் மூப்பராக முடியாது.

அவள் சட்டையை நீட்டினாள். நீட்டியபடியே, நாலு வருடமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"நீங்க கோபக்காரர்னு நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப்போறதில்ல. அதை நான் தாங்கிக்கிட்டேன். ஆனா உங்க தம்பி விஷயம் மட்டும்... அவனுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டுடுங்க. உண்மையைச் சொல்லிடுங்க. போதகரையும் தனியாப் பார்த்துச் சொல்லிடுங்க. அப்புறம் நான் மனசார 'ஆம்'னு சொல்றேன். உங்க கால்ல விழுந்து கேட்கிறேங்க!"

"அதெல்லாம் மூப்பரான பிறகு பார்த்துக்கலாம்."

"பொய்ய வச்சுக்கிட்டு எப்படிங்க அந்த இடத்துல நிப்பீங்க?"

"ஏய்!" அவர் விரலை நீட்டினார். "இன்னைக்கு உன் வாயிலேர்ந்து 'ஆம்' வரல... இந்த வீட்டுல உனக்கு இடமில்ல. சட்டையைக் கொடு!"

பக்கத்து அறையில் மாமியார் இருமினாள். அந்த வீட்டில் அந்த இருமலுக்கு அர்த்தம் உண்டு. 'என் பிள்ளையை எதிர்த்துப் பேசாதே' என்று அர்த்தம். நாலு வருடமாக மருமகளிடம் மாமியார் பேசியதில் முக்கால்வாசி இருமலாகவே போயிருந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். ஒரு சாயங்காலம், டீ ஆறிப்போயிருந்தது என்பதற்காக, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்கேலை அவள்மேல் ஓங்கினார் கணவர். அவருடைய தம்பி அப்போது அதே வீட்டில் இருந்தான். ஓடிவந்து அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, வேணாம்ணே!" அவ்வளவுதான். அடி விழவில்லை. ஆனால் வளர்த்த தம்பி கையைப் பிடித்துவிட்டானே! அந்த அவமானத்தை அவரால் செரிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் தம்பியைக் கூப்பிட்டு, "நேத்து நீ பார்த்துட்டேன்னு உங்க அண்ணிக்கு ஒரே அசிங்கமாப் போச்சு. உன் முகத்துல முழிக்க முடியலையாம். உன்னை வெளியே போகச் சொல்றா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். யாருக்காகக் குறுக்கே விழுந்தானோ, அவளே விரட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனான்.

அவளிடம் கணவர் அப்புறம் சொன்னார். "உன் பேரைச் சொல்லிட்டேன். அப்படியே இருக்கட்டும். சபையில தெரிஞ்சா எனக்குத் தலைகுனிவு." அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அவர் அதோடு நின்றாரா? அடுத்த ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "என் மனைவியின் கடின மனசு மாற ஜெபியுங்கள்" என்று விண்ணப்பம் வேறு கொடுத்தார், கண் கலங்க! அன்றிலிருந்து அவளுக்காகச் சபையே முழங்கால் போட்டு ஜெபித்தது. மாதர் சங்கத் தலைவி, 'ஆலோசனை அக்கா' என்று பெயரெடுத்தவள், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, கொழுந்தனை நேசிப்பது எப்படி என்று அவளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டுப் போவாள். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். என்ன கொடுமை இது!

சபை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கணவர், அடுத்து மாமியார், ஓரத்தில் அவள். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தபோது பின்கதவு திறந்தது. கணவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

தம்பி நின்றுகொண்டிருந்தான்.

வீட்டில் இப்போது இருக்கிறவர்களை மட்டுமே அவர் கணக்கில் வைத்திருந்தார். ஐந்து வருடம் என்பது மறந்தே போய்விட்டது. சபைச் செயலாளர் மறக்கவில்லை. பழைய பதிவேட்டில் தம்பியின் பெயரைப் பார்த்து, விசாரித்து, அவன் வேலை செய்யும் ரொட்டிக்கடைக்கே கடிதம் அனுப்பியிருந்தார். அவன் விடியற்காலையில் அடுப்பை அணைத்துவிட்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறான். சட்டைக் கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. அண்ணி இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

போதகர் முதலில் மாமியாரை எழுப்பினார். "அம்மா, இங்கே நிற்கிற இவர்தான் வீட்டிலும் இருக்கிறாரா?"

"ஆம்!" என்றாள் மாமியார், கூரை கேட்கும்படி.

அடுத்து தம்பி. அவன் எழுந்தான். 'ஆம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"ஆம், ஐயா. அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் எங்க அண்ணன். என்னை வீட்டை விட்டு அனுப்பினது அவர் இல்ல. அன்னைக்கு அவர் கண்ணுல தண்ணி நின்னுச்சு. அனுப்பினது... அதோ உட்கார்ந்திருக்காங்களே, அவங்க! அவங்களுக்காக நான் குறுக்க போய் நின்னேன். மறுநாளே என்னைக் குப்பை மாதிரி வெளியே தள்ளிட்டாங்க. அம்மா காய்ச்சல்ல கிடந்தப்போகூட நான் வந்து பார்க்கல. ஏன்? அவங்க இருக்கிற வீட்டு வாசல்ல என் கால் படக்கூடாதுன்னுதான்! இவ்வளவையும் பொறுத்துக்கிட்டு இருக்கிற எங்க அண்ணன் மூப்பராகாம வேற யாரு ஆகிறது?"

மண்டபம் முழுக்க முணுமுணுப்பு. ஆலோசனை அக்கா, 'நான் அப்பவே சொன்னேன்' என்கிற மாதிரி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துத் தலையாட்டினாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மறுத்து ஒரு வார்த்தை? இல்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது, அவ்வளவுதான்.

"சகோதரி..." என்றார் போதகர்.

அவள் எழுந்தாள். ஒரே வார்த்தை. சொல்லிவிட்டால் வீடு இருக்கும், புருஷன் இருப்பார், சாயங்காலம் உலை வைக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் திரும்பி, கொழுந்தன் கண்களில் இருந்த வெறுப்பைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை.

"நான் ஆம்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல ஐயா. எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு அவரே பதில் சொல்லட்டும்." கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க... தம்பியை வெளியே போகச் சொல்லுங்கன்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?"

கணவர் எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை. போதகரைப் பார்த்து, அந்தப் பிரசித்தி பெற்ற தழுதழுத்த குரலில் சொன்னார்:

"சொன்னா, ஐயா. ஆனா நான் அவளை மன்னிச்சுட்டேன்."

மன்னித்துவிட்டாராம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மெதுவாக உட்கார்ந்தாள்.

"பொய்!"

மாமியார் எழுந்து நின்றிருந்தாள். தன் நாற்காலியின் முதுகை ஒரு கையால் பற்றியிருந்தாள்.

"போதகரே, நான் சொன்ன 'ஆம்' இருக்கே, அதைத் திருப்பி வாங்கிக்கிறேன். இல்லை! இங்க நிக்கிறவன் வீட்டுல இருக்கிறவன் இல்லை!"

"அம்மா! என்ன பேசுற?" என்று சீறினார் கணவர்.

"வாயை மூடுடா! அன்னைக்குக் காலையில நான் பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தேன். நீ இவன்கிட்ட சொன்னதும் காதுல விழுந்துச்சு. அப்புறம் அவகிட்ட, 'உன் பேரைச் சொல்லிட்டேன்'னு நீ சொன்னதும் விழுந்துச்சு. அவ ஒண்ணுமே கேட்கல. ஒண்ணுமே சொல்லல!" மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். "எல்லாம் தெரிஞ்சுதான்டி உன்னை நாலு வருஷமா வதைச்சேன். சின்னவன் எங்க போனாலும் பிழைச்சுக்குவான், பெரியவன் பேரு கெட்டா உடைஞ்சு போயிடுவான்னு நினைச்சேன். உன்னைப் பத்தி... உன்னைப் பத்தி பாவி நான் நினைக்கவே இல்லையேடி! இன்னைக்கு என் கண்ணு முன்னாலேயே, தெய்வ சந்நிதியில, ரெண்டாவது தடவையும் அதே பொய்யைச் சொல்றான். இவன் நாளைக்கு நாலு குடும்பத்துக்கு நியாயம் சொல்லவா?"

"அத்தை..." என்றாள் அவள். மாமியார் தள்ளாடிக்கொண்டு வந்து மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நாலு வருடத்தில் முதல் முறையாக அந்தக் கை அவள் மேல் பட்டது. அவளும் அழுதாள். அடக்கி அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

தம்பி பேயறைந்த மாதிரி நின்றான். அப்புறம் ஓடிவந்து அவள் காலடியில் விழுந்தான்.

"அண்ணி! ஒரு கடிதாசி போட்டிருக்கலாமே அண்ணி! உங்களைப் பத்தி நான் யார் யார்கிட்ட என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா..."

"எந்திரி தம்பி. உனக்கு எப்படித் தெரியும்? எந்திரி... ரொம்ப இளைச்சுட்டியே!"

போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இன்றைக்கு இங்கே யார்மேலும் கைவைத்து ஜெபிக்கப்போவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு வருடமாக இந்தச் சகோதரியின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். ஒரு நாள்கூட இவர்களைக் கூப்பிட்டு, 'என்னம்மா நடந்தது' என்று கேட்கவில்லை. மேய்ப்பனுக்கு இது லட்சணமில்லை. என்னை மன்னியுங்கள், அம்மா."

பிறகுதான் கணவர் வாயைத் திறந்தார். தழுதழுப்பு ஓடிப்போயிருந்தது. வறண்ட குரல்.

"நான்தான் பொய் சொன்னேன். சபை என்னை மன்னிக்கணும்."

"சபைகிட்ட அப்புறம் கேளுங்க," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "முதல்ல இவன்கிட்ட கேளுங்க. அப்புறம் அம்மாகிட்ட."

"உன்கிட்ட..."

"என்கிட்ட இங்க வேணாம். இத்தனை பேர் முன்னால நீங்க நல்லாத்தான் பேசுவீங்க. என்கிட்ட வீட்டுல கேளுங்க."

அவர் தம்பியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாவையும் அண்ணியையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆலோசனை அக்கா வழியில் ஒதுங்கி நின்றாள். அவளுக்கு அன்று ஆலோசனை எதுவும் தோன்றவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கணவர் வீடு வந்து சேர்ந்தார். நடந்தே வந்திருப்பார் போலிருக்கிறது, வேர்த்துக் கொட்டியிருந்தது. கூடத்தில் அம்மாவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. தலை நிமிராமல் அவர்களைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போனார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன்," என்றார். "உன்மேல கை ஓங்கினதும் தப்பு. உன்மேல பழி போட்டதும் தப்பு. உன்னை ஊர் முன்னால ஜெபத்துல நிறுத்தினேனே... அது எல்லாத்தையும்விடத் தப்பு. என்னை மன்னிச்சுட்டேன்னு சொல்லு."

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அந்த முகத்தைப் பார்த்து அவள் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை அது.

"இல்லீங்க. இன்னும் இல்லை."

அவர் கை இறுகியது. அவள் பின்வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை தானாகத் தளர்ந்தது.

"சரி," என்றார்.

அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் 'சரி' அது. அவள் ஒரு தட்டை எடுத்துக் கழுவி, சோற்றைப் போட்டு, அவரிடம் நீட்டினாள்.

"தம்பி இன்னும் சாப்பிடல. கொண்டுபோய் அவன்கிட்ட நீங்களே கொடுங்க."

அவர் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.