இறுக மறுத்த பிளாஸ்டர்

அந்தப் பெண் உள்ளே வந்தாள், உட்காரவில்லை. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் வீட்டுக்காரரை அடிச்சுக் கொன்னுட்டாங்க. கொன்னது என் தம்பின்னு சொல்றாங்க," என்றாள். "அவன்தான் செஞ்சான்னா மறைக்காம சொல்லிடுங்க, இனிமே அவன் முகத்துல முழிக்க மாட்டேன். இல்லைன்னா அவனை எனக்கு மீட்டுக் குடுங்க. ரெண்டு பேரையும் ஒரே வாரத்துல பறிகொடுக்க என்னால முடியாது."

மேசைக்குப் பின்னால் இருந்த துப்பறிவாளர் பென்சிலைச் சீவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். நிதானத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்த மனிதர். அவருடைய உதவியாளர் பம்பரம், முன்பு பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவள். பாதிச் செய்தி காதில் விழுந்ததுமே மீதியைத் தானே முடித்துவிடுவாள் என்பதால்தான் அந்த வேலை போனது. இந்த இரண்டு பேரும் ஒரே அறையில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பதே விளங்காத மர்மம்.

"உட்காருங்கம்மா. முதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் ஆமை.

அவள் சொன்னாள். கணவன் பல்செட்டும், பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும் செய்யும் பட்டறை வைத்திருந்தான். அதே கட்டடத்தின் மாடியில் பல் டாக்டரின் கிளினிக். டாக்டர் நோயாளிகளிடம் அளவு எடுத்துக் கீழே அனுப்புவார், கணவன் பல் செய்து மேலே அனுப்புவான். வேலையில் தங்கமான மனிதன், கோபத்தில் நெருப்பு. போன வாரம் ஏதோ வாய்த்தகராறில் அவளுடைய தம்பியை நடுத்தெருவில் வைத்து அறைந்துவிட்டான். தம்பியும் சும்மா இருக்கவில்லை, மண்டையைப் பிளக்கிறேன் என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போனான்.

"நேத்து சாயங்காலம் மாமாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் பஸ் ஏறி வந்தான். வந்து பார்த்தா..." அவள் நாற்காலியை இறுகப் பிடித்தாள். "மண்டை பிளந்து கிடந்தாருங்க. சொன்ன மாதிரியே."

"உங்க வீட்டுக்காரருக்கு வேற யாரோடயாவது பகை?"

"பகைன்னு இல்லை. மாடி டாக்டர் ஒரு பெரியவருக்கு விழுந்த பல்லுக்குப் பதிலா போட்ட பிரிட்ஜ் வாயிலேயே முறிஞ்சு, ஒரு பாதி தொண்டையில அடைச்சு அவர் செத்துட்டார். அது விசாரணையில இருக்கு. மீதிப் பாதியை அந்தக் குடும்பம் இவர்கிட்டதான் குடுத்திருந்தாங்க, ஏன் முறிஞ்சதுன்னு பார்க்கச் சொல்லி."

"ஏன் முறிஞ்சதாம்?"

"பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல உலோகத்தை மெலிசா ராவிட்டாங்கன்னு சொன்னார். மெலிசானா கடிக்கும்போது வளையும். மேல இருக்கிற பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், வளைஞ்சா தாங்காது. முதல்ல அது விரியும், அப்புறம் உலோகமும் முறியும். அந்த ராவல் தன்னோடது இல்லை, மாடியிலதான் ராவியிருக்காங்கன்னு அடிச்சுச் சொன்னார்."

பம்பரத்துக்கு இது போதுமானதாக இருந்தது. "டாக்டர்தான் சார்," என்றாள், அந்தப் பெண் படி இறங்கும் முன்பே.

"இருக்கலாம்," என்றார் ஆமை, பென்சில் துகளை ஊதியபடி.

பட்டறையில் இன்ஸ்பெக்டர் இருந்தார். உடலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அடிபட்ட இடத்தை யாரும் சுட்டிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பளிங்கு மேடைக்கு மேலே சுவரில் ரத்தம் விசிறியடித்திருந்தது. வரிசையாக அடுக்கிய வெள்ளைப் பல் அச்சுகளின் மீதெல்லாம் அது தெறித்துக் காய்ந்திருந்தது. பல்செட்டை வேகவைக்கும் பித்தளைப் பெட்டி ஒன்று தரையில் கிடந்தது. அதன் மூலையில் முடி ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஓர் இழுப்பறை கவிழ்ந்து சாமான்கள் சிதறியிருந்தன. ஒரே அடியில் நின்றிருந்தால் மனிதன் பிழைத்திருப்பான் என்றும், கொலைகாரன் விழுந்தவனை விடாமல் அடித்திருக்கிறான் என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார். பம்பரம் எத்தனையோ பிணங்களைப் பற்றி எழுதியவள்தான். ஆனாலும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"டாக்டரைத்தான் நாங்களும் முதல்ல சந்தேகப்பட்டோம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா மூணு மணியிலேர்ந்து அவர் மாடியில ஒரு பேஷன்ட் வாய்க்குள்ள கையை விட்டுட்டு இருந்தார். நர்ஸ், பேஷன்ட் ரெண்டு பேரும் சாட்சி. தம்பி வந்தது நாலு மணிக்கு. கொலை நடந்தது நாலு மணிக்கு."

"நாலுன்னு எப்படிச் சொல்றீங்க? உடம்பைப் பார்த்தா?" என்றார் ஆமை.

"உடம்பு சூடாத்தான் இருந்துச்சு. அதை வச்சு ஒரு மணி நேரம் முன்னயா பின்னயான்னு சொல்ல முடியாதாம். இது சொல்லுது." இன்ஸ்பெக்டர் மேடைமேல் இருந்த ரப்பர் கிண்ணத்தைக் காட்டினார்.

கிண்ணத்துக்குள், பல் அச்சு வார்க்கத் தண்ணீரில் குழைத்த பிளாஸ்டர் பொடி கட்டியாகியிருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில் இருந்தது. அதன் நடுவே ஒரு கை நுழைந்த பள்ளம்.

பட்டறையில் பாலிஷ் போடுகிறவர் முன்னால் வந்தார். அவர் கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. "நான்தாங்க ரெண்டாவதா பார்த்தேன். மதியமே கிளம்பிப் போய் ஒரு செட்டைக் குடுத்துட்டுத் திரும்பி வரேன், மச்சினன்காரர் மேலெல்லாம் ரத்தமா அவரைக் கட்டிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கார். மொதலாளி கை கிண்ணத்துக்குள்ள. நான்தான் வெளிய எடுத்தேன். பிளாஸ்டர் பிசைஞ்ச மாவு மாதிரி இருந்துச்சு, கை சுளுவா வந்துச்சு. குழைச்சுப் பத்து நிமிஷம் தாண்டியிருந்தா கை வராதுங்க, உடைச்சுத்தான் எடுக்கணும். எங்களுக்கு அதுதான் கடிகாரம். பொய் சொல்ல மனசு வரலை. சொன்னேன், அவரைப் புடிச்சுட்டாங்க."

"டாக்டரும் கீழ வந்து தொட்டுப் பார்த்து அதையேதான் சொன்னார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆமை விளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பள்ளத்துக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு பம்பரத்தைப் பார்க்கச் சொன்னார். மூன்று விரல்கள் மடங்கிய தடம் மேலேயே நின்றுவிட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஆழத்தில் போய் ஒன்று சேர்ந்திருந்தன, ஒரு சிட்டிகை உப்பு எடுப்பதுபோல.

"வலியில கை இழுத்துக்கிச்சு போல," என்றாள் பம்பரம்.

"வலியில கையை இறுக மூடுவோம். இது வேற மாதிரி இருக்கு," என்றார் ஆமை. விளக்கை அணைத்துவிட்டு மாடிப்படியைக் காட்டினார். அவள் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.

டாக்டர் முகக்கவசத்தோடு இருந்தார். நாற்காலியில் நோயாளி யாரும் இல்லை. நர்ஸைக் கடிந்துகொண்டிருந்தார், அவள் கையில் அப்போதுதான் ஒருவர் வாயிலிருந்து எடுத்த பல் அளவு அச்சு இருந்தது.

"எத்தனை தடவை சொல்றது? குழாய்ல நல்லாக் கழுவிட்டு அனுப்பு. ரத்தமும் எச்சிலும் ஒட்டியிருந்தா அதுல ஊத்தற பிளாஸ்டர் உருப்படாது." பிறகு இவர்களிடம் திரும்பிக் குரலை இறக்கினார். "மன்னிக்கணும். மனசு சரியில்லை. நல்ல தொழிலாளி. என் முன்பல் கேப்கூட அவர் செஞ்சதுதான்."

நர்ஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். பம்பரம் தன் டீயைக் குடித்து முடித்துவிட்டாள், டாக்டருடையதில் ஆடை படிந்தது. தொண்டை கட்டியிருக்கிறது, உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவர் கவசத்தைக் கழற்றவே இல்லை. மதிய இடைவேளையில் எங்கே இருந்தீர்கள் என்று ஆமை போகிற போக்கில் கேட்டார். உள்ளறையில் தனியாகப் படுத்திருந்ததாகச் சொன்னார் டாக்டர்.

தெருவில் இறங்கியதும் பம்பரம் வெடித்தாள். "நாலு மணிக்கு டாக்டர் மாடியில இருந்தார், மதியம் எங்க இருந்தா என்ன சார்? அந்தப் பிளாஸ்டர் சொல்றது பொய்யா?"

"பிளாஸ்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுகிட்ட யாரும் சரியாக் கேக்கலை. நாளைக்குக் காலையில எல்லாரையும் பட்டறைக்கு வரச் சொல்லு. அப்புறம் கறிக்கடைக்குப் போய் ஒரு பாட்டில் கோழி ரத்தம் வாங்கிட்டு வா."

"என்னது?"

"உறையாம கிளறிக் குடுக்கச் சொல்லு."

மறுநாள் பட்டறையில் எல்லோரும் நின்றார்கள். தம்பியை விலங்கோடு கொண்டுவந்திருந்தார்கள். அவன் அக்காவைப் பார்க்கவில்லை, அக்காவும் அவனைப் பார்க்கவில்லை. டாக்டர் கவசத்தோடு கதவோரம் நின்றார்.

ஆமை பாலிஷ்காரரை இரண்டு கிண்ணத்தில் பிளாஸ்டர் குழைக்கச் சொன்னார். ஒரே மூட்டை, ஒரே தண்ணீர். ஒன்றில் மட்டும் பாட்டிலைத் திறந்து ரத்தத்தை ஊற்றித் தன் கையாலேயே கலக்கினார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் கிண்ணம் சீக்கிரமே பளபளப்பை இழந்தது. சற்று நேரத்தில் தொட்டால் சூடாக இருந்தது. நகத்தால் தட்டினால் கல்போல ஒலித்தது. இரண்டாவது கிண்ணம் கூழாகவே கிடந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை மாற்றி மாற்றிப் போட்டார். பம்பரம் அறையை எத்தனை தடவை சுற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு மணி நேரம் கழிந்த பின் ஆமை அதில் விரலை விட்டு எடுத்தார். விரல் சுளுவாக வந்தது.

பாலிஷ்காரர் மேடையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நான் பத்து நிமிஷம்னு சொன்னேனே."

"சுத்தமான பிளாஸ்டருக்கு நீங்க சொன்னது சரி. ரத்தம் கலந்தா அது பொடியைச் சுத்திப் படிஞ்சு இறுக விடாது. உங்க வேலையில இவ்வளவு ரத்தம் கிண்ணத்துல விழறதில்லை, அதனால உங்களுக்குத் தோணலை. முந்தாநாள் அவர் குழைச்சுட்டு இருக்கும்போதே அடி விழுந்திருக்கு. தலையிலேர்ந்து கிண்ணத்துக்குள்ள கொட்டியிருக்கு. நாலு மணிக்கு மாவா இருந்தது மூணுக்கு முன்னாடியே குழைச்சதா இருக்கலாம். அந்த நேரத்துல இந்தத் தம்பி பஸ்ல இருந்தார். கண்டக்டர்கிட்ட விசாரிச்சாச்சு."

அக்கா அப்போதுதான் தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான்.

"சரி, அப்போ கொன்னது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதைத் தெரிஞ்சே பத்து நிமிஷம்னு சொன்னவர். டாக்டர், ரத்தம் பட்டா பிளாஸ்டர் உருப்படாதுன்னு நேத்து நர்ஸைத் திட்டினீங்க. அவ்வளவு தெரிஞ்சவர், செங்கல் நிறத்துல இருந்த பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்து, இப்பதான் குழைச்சதுன்னு எப்படிச் சொன்னீங்க?"

"பதற்றத்துல தோணலை," என்றார் டாக்டர். "அதுக்காக நான் கொலைகாரனா?"

"அதுக்காக இல்லை." ஆமை செங்கல் நிறக் கட்டியை விளக்கடியில் இழுத்தார். "செத்தவர் கையை இதுக்குள்ள விட்டது வலியில இல்லை. ரெண்டு விரல்ல எதையோ பிடிச்சுக்கிட்டுப் போய் அடியில வச்சிருக்கார். நீங்க அவர் செத்துட்டார்னு நினைச்சு, முறிஞ்ச பிரிட்ஜைத் தேடி இழுப்பறையைக் கொட்டிட்டு இருந்தீங்க. அவர் சாகலை."

நீளமான இடுக்கியைப் பள்ளத்துக்குள் விட்டு, அடியில் மெதுவாகச் சுரண்டினார். வெளியே வந்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நகத்தில் பாதி அளவு பீங்கான் சில்லு. ஒரு பக்கம் முன்பல்லின் பளபளப்பு, மறுபக்கம் உடைந்த கண்ணாடியின் வழுவழுப்பு.

"முதல் அடியை அவர்தான் அடிச்சிருக்கார், உங்க வாய் மேல. பீங்கான் எவ்வளவு கடிச்சாலும் தாங்கும், முன்னால ஒரு குத்து விழுந்தா தெறிச்சிடும். தெறிச்சது தான் செஞ்ச பல்லுதான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பிளாஸ்டர்ல போனதை யாரும் கழுவி ஊத்த முடியாதுன்னும் தெரிஞ்சிருக்கு. டாக்டர், அந்தக் கவசத்தைக் கொஞ்சம் இறக்குங்க."

டாக்டரின் கை காதுவரை போனது. அடுத்த கணம் மேடைமேல் இருந்த பிளாஸ்டர் கத்தியைப் பாய்ந்து எடுத்தார். அருகில் நின்ற அந்தப் பெண்ணின் முடியைப் பற்றி இழுத்தார். விலங்கிட்ட தம்பிதான் முதலில் விழுந்தடித்துக்கொண்டு பாய்ந்தான். கத்தி அவன் தோளைக் கிழித்தது, அவன் விடவில்லை. விலங்குச் சங்கிலியோடு இரண்டு கையையும் சேர்த்து டாக்டரின் கழுத்தில் போட்டுத் தரையில் சாய்த்தான். இன்ஸ்பெக்டர் கத்தியை மிதித்துத் தள்ளுவதற்குள் டாக்டரின் முகம் நீலம் பாரித்திருந்தது.

"போதும்டா தம்பி, விடு," என்றாள் அக்கா. அவன் விட்டான்.

கவசம் கழன்று கிடந்தது. கிழிந்து தையல் போடாத உதடு; அதற்குக் கீழே மேல் வரிசை முன்பல் ஒன்றில் பீங்கான் போய் உள்ளிருந்த உலோகம் பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு டாக்டரிடம் போனால் சாட்சி ஆகிவிடும் என்று இரண்டு நாளாக அதை மூடி வைத்திருந்தார். ஆமை சில்லைப் பிடித்துப் பார்த்தார். விளிம்புக்கு விளிம்பு பொருந்தியது.

டாக்டரைக் கொண்டுபோன பிறகு பாலிஷ்காரர் தம்பியின் தோளில் துணியை வைத்து அழுத்திக் கட்டினார். விலங்கு கழன்ற மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவன் மேடைக்கு வந்து கட்டியைப் பார்த்தான். அக்கா தன் இரண்டு விரலையும் அந்தப் பள்ளத்துக்குள் விட்டாள். அவளுக்கு அது பெரிதாக இருந்தது.

"இந்தக் கையாலதான் என்னை நடுத்தெருவுல அறைஞ்சார்," என்றான் தம்பி.

"ஆமா," என்றாள் அவள், விரலை எடுக்காமல். "இந்தக் கைதான்டா உன்னை வெளிய கொண்டு வந்திருக்கு."

பம்பரம் ஜன்னலோரம் போய் நின்றாள். ஆமை அவளுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார்.