ஈரப்பலா மரத்துக் குட்டி

பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, எலுமிச்சைத் தோலால் துடைத்து, முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்தும் அந்த வாடை போகவில்லை. ஈர ரோமமும் அழுகிய பழமும் கலந்த வௌவால் வாடை. அது பானையில் இல்லை, தன் மூச்சில்தான் இருக்கிறது என்று ரெமெடியோஸுக்குப் புரிந்தபோது குவாம் தீவில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

ஏழு மாதக் கர்ப்பம். இதற்கு முன் தரித்தவை எதுவும் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தவளுக்கு, வௌவால் சூப்பின் மேல் ஆசை வந்து தொலைத்தது. கணவன் ஃபெலிக்ஸ் நேற்றுக் காட்டுக்குப் போய் ஒன்றைச் சுட்டு வந்தான். சின்னதாக இருந்ததால் குட்டி என்று நினைத்தான். கழுவும்போது அவள் பார்த்தாள், அதன் கக்கத்து முலைக்காம்பில் பால் கசிந்தது. குட்டியில்லை, தாய். அடியோடு அற்றுப்போனதாக வேட்டைக்காரர்கள் சொல்லும் சிற்றினம். தெரிந்தும் ரோமமும் சிறகுமாக முழுசாய்த் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தின்றாள். நாக்கு கேட்கவில்லை.

இப்போது முற்றத்து ஈரப்பலா மரத்தில் ஏதோ மெல்லியதாகக் கீச்சிட்டது. பசித்த குரல்.

"காட்டுக்குள்ள நுழையிறப்ப பெரியவங்ககிட்ட உத்தரவு கேட்டியா?" என்று கணவனைக் கேட்டாள்.

"இத்தனூண்டு வௌவாலுக்கு மனு வேற போடணுமா?" என்று சிரித்த ஃபெலிக்ஸ், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான். "கேக்கல ரெமி. மறந்துட்டேன்."

காட்டில் உறையும் முன்னோரிடம் கேட்காமல் அங்கே ஒரு இலையைக்கூட யாரும் கிள்ளுவதில்லை. அவன் தொப்பியைக் கழற்றி மரத்தடியில் நின்றான். "பாட்டா, பாட்டி, கேக்காம எடுத்துட்டோம். என் பொண்டாட்டிய விட்டுடுங்க."

கீச்சொலி நின்றது. அவள் படியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டாள். அழுகை வந்தது, நிம்மதியில்.

மரத்தில் மறுபடி ஒரு கீச்சு.

பதில் வந்தது. அவள் உள்ளங்கைக்கு அடியிலிருந்து.

ரவிக்கை நனைந்தது. பால். இன்னும் பிறக்காத பிள்ளைக்கு இப்போதே பால். எழப் பார்த்தாள். கால் வரவில்லை. மரத்திலிருந்து ஏதோ பொத்தென்று விழுந்தது. சருகுகளில் ஊர்ந்தது. ஃபெலிக்ஸ் குச்சியை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் பார்வை அவள் வயிற்றின் மேல், உள்ளிருந்து எதுவோ முட்டிப் புடைத்த இடத்தில்.

"ரெமி... அது கை இல்ல."

சின்ன நகங்கள் அவள் பாவாடையைப் பற்றின. ஏறின. முழங்கால். தொடை. தள்ளிவிட நினைத்தாள். அவள் கைகள் அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டன.

அது குடிக்கத் தொடங்கியது. அதற்குக் கீழே, இழுபட்ட தோலுக்குள், நீண்ட மெல்லிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, நடுவில் சவ்வோடு.