வளைவின் அடியில் நட்ட செடி

"ஏமானே, எனக்க மாப்பிள்ளைய விட்டிருங்க. தங்கையன் அண்ணனக் கொல்ல அவருக்குக் கை வராது."

ஸ்டேஷன் வாசலில் அழுதவள் ஜெபதாஸின் மனைவி ஞானசெல்வி. மண் சுமந்தே உச்சந்தலை முடி தேய்ந்தவள். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமணி, கான்ஸ்டபிள் ததேயுஸைப் பார்த்தார்.

ததேயுஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "ஒரு அடிகூட குடுக்கல்ல சார். 'நான்தான் முட்டத் தட்டினேன்'னு ஜெபதாஸே ஒத்துக்கிட்டான்."

இரணியல் சாலையோரத்தில் வழிப்போக்கர் தங்கும் பழைய வழியம்பலத்தைப் புதுப்பித்துப் பூங்கா அமைக்க அந்நாளைய திருவனந்தபுரம் சர்க்கார் மானியம் தந்திருந்தது. ஆடி முடியுமுன் வேலை தீராவிட்டால் மானியம் திரும்பிப் போகும். அன்று விடியற்காலை, புதிதாகக் கட்டிய செங்கல் வளைவு சரிந்து கொத்தன் தங்கையன் நசுங்கிச் செத்தான். பழைய சண்டையை மனதில் வைத்து, கையாள் ஜெபதாஸ் வளைவைத் தாங்கிய முட்டுத்தடிகளைத் தட்டிவிட்டான் என்று காண்டிராக்டர் சிவதாணு எழுதிக்கொடுத்திருந்தார். தூக்குமரம் வரை போகும் வழக்கு.

இன்ஸ்பெக்டர் இடத்துக்குப் போனபோது பிணத்தை எடுத்திருந்தார்கள். செங்கற்கள் விழுந்தபடியே கிடந்தன. இடையில் குரோட்டன் செடிகள் நசுங்கித் தெரிந்தன.

"செடியெல்லாம் எப்ப வச்சீரு?" என்று அங்கே நின்ற சிவதாணுவிடம் கேட்டார்.

"நேத்து மத்தியானம் சார், நான் கூட நின்னு வச்சது. நாளைக்குத் திருவனந்தபுரத்து ஆபீசர் பாக்க வாறாரு. அதுக்குள்ள அந்தப் பாவி..."

"முட்டு?"

"இன்னைக்கு விடிய வரைக்கும் நின்னுது சார். நானே கண்டேன்."

ததேயுஸ் இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு பனந்தடியை உருவினான். "இதான் சார்!"

"சரி. அது ஊணியிருந்த குழியக் காட்டு."

ததேயுஸ் செங்கல்லை விலக்கினான். தூணை ஒட்டித் தடியின் பருமனுக்கு வட்டக்குழி. அதற்குள் சாணி உரத்தோடு ஒரு செடி ஒடிந்து நின்றது. எதிர்த்தூணடியிலும் அதே. அவன் குரல் இறங்கியது.

"சார், குழிக்குள்ள செடில்லா நிக்குது."

"தடி நிக்க குழியில செடி நட முடியுமா வேய், சிவதாணு? மத்தியானம் செடி வச்சீருன்னா அதுக்கு முன்னயே தடி போயாச்சு. செடிக்கு மேல செங்கல் கிடக்கு. இன்னைக்கு விடிய தட்டுகதுக்கு இங்க என்ன இருந்துது?" இன்ஸ்பெக்டர் காரைக்கட்டி ஒன்றை விரலால் நசுக்கினார். அது இறுகாமல் பச்சை மண்ணாய் உதிர்ந்தது.

சிவதாணு வியர்த்தார். "வளைவு தடியோட நின்னா, வேலை முடியல்லன்னு ஆபீசர் எழுதிருவாரு சார். மானியம் போனா அறுபது பேருக்கு வேலை போவும்."

"இப்ப ஒருத்தன் போயாச்சு. நடவும் ஸ்டேஷனுக்கு."

லாக்கப்பில் ஜெபதாஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எப்ப தட்டினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து காலம்பற. 'சுண்ணாம்பு பிடிக்கல்லடே, இருபது நாளாவது நிக்கட்டு'ன்னு தங்கையன் அண்ணன் தடுத்தாரு. 'தட்டாட்டா நாளைக்கு நீ வரண்டாம்'னாரு காண்டிராக்டர். தட்டிட்டேன். அண்ணனுக்கு மனசு கேக்கல்ல. இன்னைக்கு விடிய யாருக்கும் தெரியாம மறுபடி முட்டுக் குடுப்போம்னு என்னையும் கூட்டிட்டுப் போனாரு. நான் ரெண்டாவது தடி எடுக்கப் போனேன். திரும்புகதுக்குள்ள..."

"இத ஏம்டே எங்கிட்ட சொல்லல்ல?" என்று வெடித்தான் ததேயுஸ்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

ததேயுஸ் பூட்டைத் திறந்தான். ஜெபதாஸ் அசையவில்லை. "நான் தட்டினதுதானே ஏமானே. நேசபாய் அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

தங்கையனின் மனைவியைத்தான் சொன்னான். ஞானசெல்வி உள்ளே வந்து அவன் தோளைப் பிடித்தாள்.

"அண்ணனுக்க சவப்பெட்டி தூக்க மூணு பேருதான் இருக்கு. எழும்புங்க."