பழைய ஆள்

பயணிகள் கவனிக்கவும். ஆறு வாரங்களாகத் தாமதமாகிக்கொண்டிருந்த நிலைய அறிவிப்பாளர், பூரண குணம் பெற்று, இன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முன்னறையை வந்தடைந்தார். ஏற்பட்ட சிரமங்களுக்கு வருந்துகிறோம்.

முன்னறையில் எல்லோரும் சிரித்தார்கள். பின்னறையில் படுத்திருந்த அறிவிப்பாளர் கண்ணைத் திறந்தார்.

அது அவருடைய குரல். இருபத்திரண்டு வருஷம் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் கேட்ட குரல். தன் பேச்சைக் கேட்டுத்தான் ரயிலே வருகிறது என்ற தோரணை அதில் அப்படியே இருந்தது. ஆனால் அறுவை சிகிச்சையின்போது தொண்டையில் குழாய் விட்டதிலிருந்து அவருக்கு அந்தக் குரல் கிடையாது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். மனைவி ஏதோ பழைய பதிவைக் கைபேசியில் போட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் பதிவு இருமியது. "ஒரு வாய் தண்ணி கொடும்மா" என்றது.

அவருடைய உடம்பு நான்கு டாக்டர்களுக்குப் பாகப்பிரிவினை ஆகியிருந்தது. மூட்டு ஒருவருக்கு, சிறுநீரகம் ஒருவருக்கு, சர்க்கரை ஒருவருக்கு. குடலில் ஒரு முழத்தை வெட்டியெடுத்த சர்ஜன், மிச்சமெல்லாம் தன்னுடையது என்று வைத்துக்கொண்டார். மூட்டுக்குத் தரும் மாத்திரை புண்ணை ஆறவிடாது. அதை நிறுத்தினால் விரல்கள் நண்டுபோல் மடங்கிக்கொள்ளும். வலிக்குத் தருவது சிறுநீரகத்துக்கு ஆகாது. நால்வரும் 'மதிப்புக்குரிய' என்று தொடங்கி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்களில் அவரைத் தவிர அவருடைய எல்லா உறுப்புகளும் இருந்தன.

"ஆறே வாரம். பழைய ஆளா எழுந்து நடப்பார்" என்று சர்ஜன் மனைவியிடம் சொல்லியிருந்தார், லிஃப்ட் கதவு மூடுவதற்குள். அவளும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு வாரமும் அரைத் தூக்கத்தில் ஓடினாள். பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பழைய ஆளா வந்துடுவீங்க, பழைய ஆளா வந்துடுவீங்க. எங்கிருந்து வருவார் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை மனைவி புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தாள். வயிற்றில் தையல் விட்டுப்போன இடம் ஒரு வாயைப் போலத் திறந்திருக்கும். உப்புநீரில் நனைத்த துணிப்பட்டையை இடுக்கியால் அதற்குள் மெல்ல மடித்துத் திணிக்க வேண்டும். வழக்கமாக ஒரு சாண் போகும். அன்று ஒரு முழம் போனது. அவள் கவனிக்கவில்லை. காது முன்னறையில் இருந்தது.

"ஆறிட்டு வருதுங்க" என்றாள், சுவரைப் பார்த்து.

"யாரு... அங்க?" என்று காற்றால் கேட்டார்.

அவள் புன்னகைத்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த புன்னகை. அவருக்குக் குளிரெடுத்தது.

அடுத்த நாட்களில் பின்னறையில் மருந்தும் ஈரப்பஞ்சும் புண்ணின் இனிப்பான நாற்றமும் தேங்கத் தேங்க, கதவிடுக்கு வழியே வேறொரு வாசனை வந்தது: அவருடைய சவர சோப்பு, இஸ்திரி போட்ட சட்டையின் சூடு, வெயிலில் நடந்து வந்த ஒரு திடமான மனிதனின் வியர்வை. செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டும், குழாயடியில் நிற்கும், திரும்பும். ஒருநாள் பிற்பகல் அது கதவருகே வந்து நின்றது. கதவுக்கடியில் இரண்டு பாதங்களின் நிழல். வெகுநேரம் நின்றது. பிறகு, தவறான நடைமேடைக்கு வந்துவிட்டவன்போல நகர்ந்து போனது.

வெள்ளிக்கிழமை மச்சான் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி, எதையும் கிண்டலாகத்தான் பேசுவான். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தான். அவருடைய முழங்கால்மேல்.

"மாமாவா? ஆளு ஜம்முனு இருக்காருடா. மறுபடியும் அதே அலட்டல்! காபி கேக்கறதைக்கூட மைக்ல சொல்ற மாதிரி சொல்றாரு. அக்காவும் இப்பத்தான் சிரிக்கிறா."

அவர் தம் கட்டிக் கத்தினார்.

மச்சான் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். "காத்து வேற ஊளையிடுது" என்று சொல்லிக்கொண்டே போனான்.

அதன்பின் கட்டு ஒருவேளைதான். பிறகு அதுவும் நின்றது. தட்டு வரவில்லை. பசியும் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. முன்னறையில் யாரோ வயிறார ஏப்பம் விட்டபோது இவருக்கு நெஞ்சு லேசானது.

அவள் தன்னை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்தால் போதும் என்று தோன்றியது. முகத்தைப் பார்த்து 'ஏங்க' என்று கூப்பிட்டால் போதும். கூப்பிட்டுவிட்டால், தான் இன்னும் இருப்பதாக அர்த்தம்.

ஞாயிறு மூன்று மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கினார். கதவு வரை ஆறடி. மடங்கிய விரல்களால் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் வயிற்றின் வாய் திறந்து மூடுவதை உள்ளங்கையில் உணர்ந்தபடி, நனைந்த துணிப்பட்டை பின்னால் தரையில் இழுபட நடந்தார். கதவு. கூடம். சுவர் முடிந்தது. காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்னறை.

நாற்காலியில் ஒரு முதுகு. அவருடைய நீலச் சட்டை. அவருடைய பிடரி. எதிரே மனைவி, பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சட்டையின் முன்பக்கம் விலகியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது வயிறு. வழவழப்பாக. ஒரு தழும்பு இல்லை.

மனைவி நிமிர்ந்தாள்.

பார்த்தாள். நேருக்கு நேர்.

உதடு பிரிந்தது.

"ஏங்க" என்றாள். நாற்காலியிடம். "அது எழுந்து வந்துடுச்சு."

முதுகு திரும்பவில்லை. "உள்ள விட்டுட்டு வாம்மா."

அவள் வந்தாள். கோபமில்லை. அக்குளில் கைகொடுத்து, பதமாக, அடி அடியாகத் திருப்பி நடத்தினாள். அந்தக் கையின் சூடு அவருக்குத் தெரிந்தது. அவளுக்கு எதுவும் தெரிந்ததாகத் தெரியவில்லை. கட்டிலில் சாய்த்தாள். இடுக்கியை எடுத்தாள். துணிச் சுருள் முழுவதையும் உள்ளே விட்டாள். போனது. இன்னொரு சுருள். போனது. தலையணை உறை. போனது. இடுக்கியும் போனது. கீழே விழுந்த சத்தமே கேட்கவில்லை.

போர்வையை இழுத்து, முகம் வரை மூடினாள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே அவள் குரல், தயங்கித் தயங்கி: "ஏங்க... அதுக்கு வலிக்குமா?"

கனத்த, தெளிவான, அழகான குரல் சொன்னது: "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே."

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனார்.