கரைமறப்பி

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. வைரவன் வெப்பச்சட்டையை மாட்டிக்கொண்டு, குடை எதுவும் இல்லாமல், துளிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்து படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார். சனிக்கோளின் பெரிய நிலவான டைட்டனில் இதை யாரும் வித்தையாக நினைப்பதில்லை. அங்கே ஈர்ப்பு குறைவு, காற்று கனம். சுண்டைக்காய் பருமனுள்ள மழைத்துளி ஆடி அசைந்து, கோழி இறகு விழுவதுபோல்தான் தரைக்கு வரும். கொஞ்சம் சுறுசுறுப்பான ஆள் நனையாமலே கடைக்குப் போய்த் திரும்பலாம். நனைந்தால்தான் வம்பு. பெய்வது தண்ணீர் இல்லை, கொடுங்குளிரில் திரவமாகிப்போன மீத்தேன்.

ஏரியில் கிடப்பதும் கடலில் கிடப்பதும் அதே மீத்தேன்தான். வைரவன் ஏரிக்காரர். ஏரிக்குடி என்ற கூரை போட்ட ஊருக்கும் எதிர்க்கரைச் சுரங்கத்துக்கும் இடையே படகு விட்டே தலை நரைத்தவர். ஏரிக்குடியில் குடியேறிய தமிழர்கள் பூமியிலேயே பல பழக்கங்களை இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தார்கள். சனிப்பெயர்ச்சி பார்ப்பதில்லை. சனியே தலைக்கு மேல் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் ஊரில் பெயர்ச்சியை எங்கே போய்ப் பார்ப்பது? சம்பந்தி மரியாதையை மட்டும் யாரும் இறக்கிவைக்கவில்லை. அதைப் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

வைரவன் தம் ஒரே மகள் நிறைமதியை, ஊரின் மறுபக்கம் கிடந்த கார்க்கடலுக்கு அப்பால், மறுகரைப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் இப்போது முழுகாமல் இருந்தாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நிலவு மாறினாலும் மாறாத ஏற்பாடு. ஆனால் கர்ப்பிணிகளை வானூர்தியில் ஏற்றக் கூடாது என்று பூமியில் எப்போதோ எழுதிய விதி ஒன்று இருந்தது. அது டைட்டனுக்கும் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது என்று யாரும் எழுதவில்லையே என்றார்கள் அதிகாரிகள். ஆக, படகில்தான் அழைத்து வர வேண்டும். போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் தகப்பனார் தணிகாசலம் கறாராகச் சொல்லிவிட்டார்: பெண்ணைப் பெற்றவர் நேரில் வந்து அழைத்தால் அனுப்புவோம், இல்லாவிட்டால் பிரசவம் இங்கேதான்.

தணிகாசலம் மரியாதை விஷயத்தில் கரை கண்டவர். நிச்சயதார்த்தத்தில் தம் பெயரை இரண்டாவதாக வாசித்துவிட்டார்கள் என்று ஊர்திக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, வைரவன் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கெஞ்சிய பிறகே இறங்கினார். காரணம் கேட்டபோது, “ஒண்ணுமில்ல, லேசா தலைவலி” என்றார்.

நிறைமதி திரையில் வந்து பேசினாள். “அப்பா, நீங்க வந்துருவீங்கதானே? இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. ஆனா எனக்குப் பயமா இருக்குப்பா. அம்மா பக்கத்துல இருக்கணும்.”

“இதென்ன கேள்வி? வந்துட்டேன்னு வச்சுக்க” என்றார் வைரவன். சொல்லிவிட்டாரே தவிர, அவர் வாழ்நாளில் கரை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் படகை விட்டதே இல்லை.

கடலில் இறங்க உரிமம் வேண்டும். உரிமம் தருவது கடலாசான். பீப்பாய் உயரம், நான்கு சக்கரம், நெற்றியில் ஒற்றைக் கண், அச்சுப் புத்தகம்போல் பேச்சு. கடலைப் பற்றி மனிதர்கள் எழுதிவைத்த அத்தனையும் அதற்கு மனப்பாடம். கடலை நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் நேரவில்லை என்று அதுவே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

பயிற்சி அலைக்கூடத்தில் நடந்தது. நடுவே ஒரு படகு, சுற்றிலும் பொய்க்கடல். டைட்டனின் அலைகள் மாடி உயரத்துக்குச் சோம்பல் முறித்தபடி எழும்பி, யோசித்து யோசித்து விழும். அதற்கு ஏற்றபடி இடுப்புக் கயிற்றைப் படகோடு பிணைத்துக்கொள்வது, மாற்றிமாற்றித் தூங்குவது, ஒவ்வொரு கருவிக்கும் மாற்றுக் கருவி வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் வைரவன் சட்டென்று பிடித்துக்கொண்டார். புயல் பாடத்தில்தான் சிக்கினார்.

“ஐயா, ஏரியில் புயல் வந்தால் என்ன செய்வீர்கள்?”

“கரைக்கு ஓடிருவேன். வேற என்ன செய்வாங்க?”

“கடலில் அதைச் செய்யக் கூடாது. கடலில் படகை உடைப்பது அலை அல்ல, கரைப் பாறை. புயல் வந்தால் கரையை விட்டு விலகி ஓட வேண்டும்.”

வைரவனுக்கு அது நன்றாகவே புரிந்தது. தலையாட்டினார். கடலாசான் பொய்ப்புயலைக் கிளப்பியது. தூரத்தில் கரை தெரிந்ததும் அவர் கை தானாகச் சுக்கானை அந்தப் பக்கம் திருப்பியது. படகு பாறையில் மோதியது. “நீங்கள் இறந்துவிட்டீர்கள், ஐயா. ஆழ்ந்த அனுதாபங்கள். மீண்டும் முயல்க” என்றது கடலாசான். அவர் மீண்டும் முயன்றார், மீண்டும் இறந்தார். அந்த வாரம் முழுவதும் இறந்துகொண்டே இருந்தார். அலைக்கூடத்துச் சுவரை ஒட்டிக் குடியிருந்தவர்கள் அனுதாபச் செய்தியைக் கேட்டுவிட்டுத் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்து, வைரவனே கதவைத் திறந்ததும் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

“மூளைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை” என்று கடலாசான் முடிவாகச் சொன்னது. “இதற்கு ஒரு வழி உண்டு. கரைமறப்பி.”

கரைமறப்பி என்பது மிளகளவு சில்லு. காதுக்குப் பின்னால் பதிப்பார்கள். கரையைக் கண்டதும் அதை நோக்கி ஓடத் தூண்டும் நரம்பைப் பிடித்து, எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். புயலின்போது மட்டும் வேலை செய்கிற மாதிரி அளவோடு வைத்தால் போதும் என்றது கடலாசான்.

அளவு என்ற சொல்லைக் கேட்டதும் வைரவனின் மனைவி சௌந்தரவல்லி முன்னால் வந்தார். அவரும் உடன் போவதாக ஏற்பாடு. சாம்பாருக்குப் பெருங்காயமோ காய்ச்சலுக்கு மாத்திரையோ, சொன்ன அளவுக்குக் கொஞ்சம் கூடப் போட்டால்தான் அவருக்கு மனசு ஆறும்.

“தம்பி, இவருக்கு எதுவும் லேசுல ஏறாது. கொஞ்சம் கூடுதலாவே வச்சு விடுங்க.”

“அம்மா, பரிந்துரைத்த அளவு என்பது…”

“கடல்ல போறது நீங்களா, நாங்களா?”

கடலுக்குப் போனதில்லை என்பது கடலாசானுக்கு உள்ளூரக் கொஞ்சம் கூச்சமான விஷயம். பேசாமல் சில்லின் அளவை உச்சியில் வைத்துப் பதித்துவிட்டது. அடுத்த பொய்ப்புயலில் வைரவன் இறக்கவில்லை. உரிமம் கிடைத்தது. படகின் சுக்கான் அவர் உள்ளங்கைக்கு மட்டுமே கட்டுப்படும்படி பூட்டப்பட்டது.

கடல்துறையை விட்டுப் புறப்பட்டபோதே படகு விருட்டென்று பாய்ந்ததை இருவரும் உற்சாகம் என்று நினைத்துக்கொண்டார்கள். நடுக்கடலில் நிஜமாகவே புயல் வந்தது. அலைகள் எழுந்து, தலைக்கு மேல் நின்று, விழலாமா வேண்டாமா என்று பார்த்தன. சீர்வரிசைப் பெட்டிகளின் மேல் படுத்து அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த சௌந்தரவல்லி தூரத்தில் ஒரு தீவைக் கண்டுவிட்டு அலறினார்.

“என்னங்க! அதோ கரை தெரியுது! அங்க விடுங்க!”

வைரவனும் பார்த்தார். உயிரே அந்தப் பக்கம் போனது. கை மட்டும் அமைதியாக எதிர்ப்பக்கம் திருப்பியது. மனைவி திட்டத் திட்ட, பரந்த இருட்டுக்குள் படகு ஓடியது. புயல் ஓய்ந்த பிறகு தீவின் பாறைகளில் யாருடைய பழைய படகோ நொறுங்கிக் கிடந்ததைத் தொலைநோக்கியில் பார்த்தார்கள். சௌந்தரவல்லி தொலைநோக்கியைக் கீழே வைத்தார். பிறகு, “நான்தானே கூட வைக்கச் சொன்னேன்” என்றார்.

மறுகரைப்பட்டினத்தின் விளக்குகள் தெரிந்தன. பெற்ற மகள் அங்கே நிற்கிறாள். மேளம் ஒலிபெருக்கியில் கேட்டது. துறையில் தணிகாசலத்தின் குடும்பமே வெப்பச்சட்டைக்கு மேல் பட்டு உடுத்திக்கொண்டு வரிசையாக நின்றது. வைரவன் கண்ணைத் துடைக்க முடியாமல், முகக்கூண்டுக்குள் கண்ணீரோடு சுக்கானைத் துறைப் பக்கம் திருப்பினார்.

படகு துறையை நெருங்கியது. அப்புறம் அழகாக ஒரு வட்டமடித்து விலகிப் போய் நின்றது.

“என்னங்க, வெளையாடுறீங்களா?”

“கை கேக்க மாட்டேங்குது, சௌந்தரம்!”

இன்னொரு முறை முயன்றார். இன்னொரு வட்டம். மேளம் தயங்கி நின்றது. வைரவன் ஏரிக்குடிக்கு அவசர அழைப்பு போட்டார். கடலாசான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அளவு கூடியதால் சில்லு எல்லா நேரமும் வேலை செய்கிறது. கவலை வேண்டாம், ஐயா. அதை நிறுத்துவது மிகவும் சுலபம். அருகில் உள்ள கரை நிலையத்துக்கு நேரில் வரவும்” என்றது.

வேறு வழியில்லாமல் வைரவன் சம்பந்தியையே அழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். “சம்பந்தி, மன்னிச்சுக்கணும். தலைக்குள்ள ஒரு சில்லு வச்சிருக்காங்க. அதனால கரைக்கு வர முடியல.”

துறையில் தணிகாசலத்தின் முகம் வெளுத்தது. தலைவலி, அசதி, வயிற்றுப்பொருமல் என்று சபைகளில் சொல்லப்படும் எல்லாக் காரணங்களும் அவருக்கு அத்துப்படி. பாதிக்கு மேல் அவரே சொன்னவை. தலைக்குள் சில்லு என்பது புதிதாகவும் மிகவும் ஆழமாகவும் இருந்தது.

“மனுஷன் செமக் கோபத்துல இருக்காரு” என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். “அன்னைக்கு நாம ஊர்தியில உக்காந்ததை இன்னும் மறக்கல.”

முதலில் ஆள் அனுப்பினார். இழுவைப் படகு வந்து கயிறு வீசியது. கயிறு இறுகிக் கரைப் பக்கம் இழுபட்டதும் வைரவனின் கை பாய்ந்து முடிச்சை அவிழ்த்து வீசியது. துறையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். வேலையாளை விட்டு அழைத்தால் வருவாரா என்று ஒரு பெரியவர் தணிகாசலத்தைக் கடிந்துகொண்டார். பிறகு மாப்பிள்ளையை அனுப்பினார்கள். அவர் படகு பக்கத்தில் வந்தபோது வைரவன் சுக்கானைப் பிடித்து அழாத குறையாக, “வரத்தான் மாப்பிள்ளை ஆசை, முடியலையே!” என்றார். மாப்பிள்ளை தலைகுனிந்து திரும்பினார்.

“இவங்க தப்பா நெனைக்கிறாங்க. நீயாவது எடுத்துச் சொல்லேன்” என்றார் வைரவன்.

சௌந்தரவல்லி கரையைப் பார்த்தார். கல்யாணத்தன்று அந்தக் குடும்பத்துக்குப் பரிமாறிப் பரிமாறிக் களைத்த தம்மை, கடைசியில் சாப்பிட்டீர்களா என்று ஒருவரும் கேட்காதது அவர் நினைவுக்கு வந்தது. புடவை முந்தானை வெப்பச்சட்டைக்குள் இருந்ததால் அதைச் செருக முடியவில்லை.

“நீங்கதான் சொல்லிட்டீங்களே. உண்மையைத்தானே சொன்னீங்க? பேசாம இருங்க.”

கடைசியில் பட்டினத்தின் பெரிய மிதவை அசைந்து வந்தது. வெற்றிலை, பழம், பூத் தட்டுகள். முன்னால் தணிகாசலம், பக்கத்தில் இரண்டு கையிலும் வளையல் குலுங்க நிறைமதி. மிதவை படகோடு ஒட்டி நின்றதும் தணிகாசலம் முகக்கூண்டுக்குள் வியர்த்தபடி கைகூப்பினார்.

“சம்பந்தி, நிச்சயதார்த்தத்துல நான் செஞ்சது தப்புதான். சின்னப்புத்தி. மனசுல வச்சுக்காதீங்க. வீட்டுக்கு வாங்க.”

வைரவனுக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் யாரையும் கைகூப்ப வைத்தவர் இல்லை. “ஐயோ, கோபமே இல்ல சம்பந்தி! சத்தியமா சில்லுதான்!”

“புரியுது சம்பந்தி. இந்த ஒரு தடவையில ஆறுற கோபமா அது?” என்று தணிகாசலம் பெருமூச்சு விட்டார். மனதுக்குள் அவர் வியந்துகொண்டிருந்தார். தாம் வெறும் ஊர்திக்குள்தான் உட்கார்ந்தார். இந்த மனிதர் கடலையே வாசலாக்கிவிட்டாரே! “உங்க பொண்ணை நானே கையைப் புடிச்சு ஏத்தி விடுறேன். பேரன் பொறந்ததும் நாங்க எல்லாரும் வந்து உங்களை அழைச்சுக்கிறோம்.”

சொன்னபடியே மருமகளைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றினார். நிறைமதி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். “அப்பா, நெசமாவே கோபமா?” என்று மெல்லக் கேட்டாள். வைரவன் முகக்கூண்டின் மேலேயே காதுக்குப் பின்பக்கம் தட்டி, உள்ளே இருந்த மிளகைக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. கரையை விட்டு விலகிப் போக வேண்டும் என்பதால், திரும்பும்போது வைரவனின் கைக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

ஏரிக்குடியிலும் படகு கரையேற மறுத்ததால், கடலாசான் தன் பிறவியில் முதல்முறையாகக் கடலுக்கு வந்து சில்லைக் கழற்றியது. உரிமம் இல்லாமல் கடலில் இறங்க மாட்டேன் என்று முதலில் அடம்பிடித்தது. சௌந்தரவல்லி படகிலிருந்தே இரண்டு வார்த்தை பேசியதும், இடுப்புக் கயிற்றால் துறையோடு தன்னைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி வந்தது. நிறைமதிக்குத் தாய்வீட்டிலேயே சுகப்பிரசவம் ஆனது.

விஷயம் அதோடு முடியவில்லை. கரைமறப்பிக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. வாங்க வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் படகே கிடையாது. வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறோம், மண்டபத்து வாசலில் வேலை செய்கிற மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். அளவைக் கூடுதலாக வைக்கச் சொன்னார்கள்.

கடலாசானுக்கு இது பெரும் புதிராக இருந்தது. பூமியிலிருந்து வந்த பழைய கல்யாணப் படங்களை எல்லாம் வாங்கி, இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தது. பிறகு மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. மண்டபம் வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே வட்டமிடுபவர்கள் எல்லாப் படங்களிலும் இருக்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்தால் விலகுகிறார்கள், தலைவலி என்கிறார்கள். ஆகவே இருபத்தோராம் நூற்றாண்டிலேயே மனிதர்களின் தலையில் கரைமறப்பி பதிக்கப்பட்டிருந்தது உறுதியாகிறது. அதைச் செய்தது எந்த நிறுவனம், ஏன் கடைசிவரை யாருக்கும் அதைக் கழற்றத் தோன்றவில்லை என்பவை மட்டும் இன்னும் தெரியவில்லை.