மூன்று கம்பெனிக்கும் ஒரே தழும்பு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நிஜம். மேற்கே மலையைப் பார்த்து நின்று, வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன். ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் அடுத்த ஐப்பசி மழைக்கு இந்த ஊரில் என் வீட்டுக் கூரை மட்டும் ஒழுகட்டும்.

அன்றைக்குப் பெய்தது சாதாரண மழை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் போகிற சாலையில் தவளைகள் பஸ்ஸுக்குக் கை காட்டின. ஒரு பஸ் நின்று ஏற்றிக்கொண்டும் போயிற்று. அந்த மழையில், ஒரு புளியமரத்தடியில், வெள்ளைக் கார் ஒன்றின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள் யுவராணி. நெற்றியில் இருந்து மூக்கு நுனிக்கு இறங்கிய ஒரு துளி, அங்கேயே இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது...

காரில் ஒரு கோளாறும் இல்லை. பேட்டரி டெர்மினலை அவளேதான் கழற்றி விட்டிருந்தாள்.

காரணம் அவள் அப்பா. ஆண்டிச்சாமி ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிராவல்ஸ் நடத்துகிறார். கோவில் கோவிலாக ஆட்களை ஏற்றிப் போகிற கார்கள். வழியில் வண்டி நின்றால் வந்து காப்பாற்றுகிற ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்து வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். எந்தக் கம்பெனியில் என்பதுதான் கேள்வி. அஞ்சேல், சாரதி கேர், விரைவுத்துணை என்று மூன்று கம்பெனிகள். விளம்பரத்தில் மூன்றும் ஒரே மாதிரி சிரித்தன. ஆண்டிச்சாமி தர்பூசணியைக்கூட ஒரு கீற்று வெட்டிக் காட்டினால்தான் வாங்குவார்.

"மூணுலயும் ஒரு காருக்கு மட்டும் சேருத்தா. வண்டிய நடுவழியில நிப்பாட்டிக் கூப்பிடு. எவன் ஒழுங்கா வாரான்னு பாத்துச் சொல்லு" என்று மகளை அனுப்பிவிட்டார்.

முதலில் அஞ்சேல். போனில் எங்கோ தூரத்து ஊர்ப் பெண்குரல், பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்டது. புளியமரம் என்றாள். எந்தப் புளியமரம் என்றது குரல். நனைந்த புளியமரம் என்றாள். குரல் அதைக் குறித்துக்கொண்டது. அவள் போனைக் காதில் இருந்து எடுப்பதற்குள், பழுதான கார்களைத் தூக்கிப் போகிற ரெக்கவரி வண்டி ஒன்று எதிரே வந்து நின்றது.

மழைக்குள் இருந்து முதலில் இரண்டு கண்கள் வந்தன. பிறகுதான் ஆள் வந்தான். நீலத் தொப்பி. தாடையில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு. பெயர் பாண்டிதுரை. அந்தக் கண்கள் அவள் கண்களைப் பார்த்த மாத்திரத்தில் காரின் இண்டிகேட்டர் நான்கும் மின்ன ஆரம்பித்தன. பேட்டரி இணைப்பு இல்லாத கார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

என்ன இப்படிப் பார்க்கிறான்... என்று நினைத்த யுவராணி, முகத்தைச் சுபேதார் மகளாக்கிக்கொண்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டாள். அவள் கையில் இன்னும் அணையாமல் இருந்த போனை அவன் ஒரு தடவை பார்த்தான். பானெட்டுக்குள் குனிந்தான்.

"டெர்மினல் கழண்டிருக்கு மேடம்."

"ரோடு அப்படி. குலுங்கிக் கழண்டிருக்கும்."

"ரோடு ஸ்பேனர் போட்டுல்ல கழட்டியிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. ஆனால் மூக்கு நுனியில் இருந்த துளி விழுந்துவிட்டது.

மறுநாள் சாரதி கேர். அய்யனார் கோவில் போகிற பாதையில், மாந்தோப்பு ஓரமாக, முன்டயரில் காற்றைப் பிடுங்கி விட்டுவிட்டு போன் போட்டாள். மலையில் இருந்து ஒரு மேகம் இறங்கிவந்து, தோப்பு வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. வந்தது அதே வண்டி. அதே கண்கள்... அதே தழும்பு. தொப்பி மட்டும் சிவப்பு.

உள்ள விஷயம் இதுதான். அந்த வட்டாரத்தில் நல்ல ரெக்கவரி வண்டி வைத்திருந்தவன் பாண்டிதுரை ஒருவன்தான். எந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாலும், அழைப்பு ஏழு ஊர் சுற்றி அவன் சட்டைப்பையில் வந்துதான் மணி அடிக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு தொப்பியைக் கொடுத்து, வேறு யாருக்கும் வேலை பார்க்க மாட்டேன் என்று வாக்கு வாங்கியிருந்தது. அவனும் நல்ல மனசோடு மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தான். விஷயம் வெளியே தெரிந்தால் மூன்று தொப்பியும் போய்விடும். தொப்பி போனால் பிழைப்பும் போகும்.

அதனால் அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னான்: "புளியமரத்துக்கு வந்தது எங்க அண்ணன். நாங்க ரெட்டப் பிள்ளைக."

இன்னொருத்தியாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். யுவராணி தாவணி நுனி இல்லாத குறைக்குத் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு சொன்னாள்: "அப்படியா... புளியமரத்துல நின்னது என் தங்கச்சி."

அவன் டயரில் காற்றடித்தபடியே, அவுக சௌக்கியமா இருக்காகளா என்று விசாரித்தான். சௌக்கியம்தான், ஆனால் உங்க அண்ணனைப் பார்த்ததில் இருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள் இவள். எங்க அண்ணனும் அப்படித்தான், வண்டிக்கு டீசல் போடுவதற்குப் பதில் டீயை ஊற்றிவிட்டான், அதற்கும் வண்டி ஓடுகிறது என்றான் அவன். டயருக்குத் தேவையான காற்று எப்போதோ நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்ததில், கார் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நின்றது.

மூன்றாம் நாள் விரைவுத்துணை. ராஜபாளையத்து எல்லையில், மில்லில் ஷிஃப்ட் விடுகிற நேரம். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மழையில் நின்றாள். வெள்ளைத் தொப்பியோடு வந்தவன், தான் மூவரில் கடைக்குட்டி என்றான். ஒரு கையில் குடை. மறு கையால் கம்பியைக் கண்ணாடி இடுக்கில் விட்டுக் கதவைத் திறந்தான். குடை முழுக்க அவள் பக்கமே சாய்ந்திருந்தது. அவன் தோள் நனைய நனைய... அவள் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு எப்போதோ திறந்தாகிவிட்டது. இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"உங்க அண்ணன்மார்ல யாரு மூத்தவுக?"

"வயசு எல்லாருக்கும் ஒண்ணுதான். மனசு மட்டும்... முந்தாநாள்ல இருந்து எனக்குக் கொஞ்சம் எளசாயிருச்சு."

அந்த வாக்கியம் அவளோடு வீடு வரைக்கும் வந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

தவறு நடந்தது இராச் சாப்பாட்டில். ஆண்டிச்சாமி மூன்று கம்பெனியையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னார். இட்லியைப் பிய்த்துக்கொண்டே அவள் ஒப்பிட்டாள். அஞ்சேலில் கண் நல்லா இருக்கு என்றாள். சாரதி கேரில் பேச்சு இதமாக இருக்கு, தாடைத் தழும்புகூட அழகு. விரைவுத்துணையில் குடை பிடிக்கிறார்கள், சிரித்தால் அந்தத் தழும்பு கொஞ்சம் மேலே ஏறுது... வர எம்புட்டு நேரமாச்சு என்று அப்பா கேட்டதற்கு, போன நேரமே தெரியலப்பா என்றாள்.

ஆண்டிச்சாமி இட்லியைக் கீழே வைத்தார். எல்லையில் காவல் நின்ற காதுகள் அவருடையவை.

"மூணு கம்பெனிக்காரனுக்கும் தாடையில ஒரே தழும்பா?"

மறுநாளே மகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு சோழபுரத்துப் பக்கம் போனார். வயல் ஓரம் காரை நிறுத்தினார். மூன்று கம்பெனிக்கும் ஒரே மூச்சில் போன் செய்தார். ஒரே வண்டி வந்தது. இறங்கியவன் தலையில் நீலத் தொப்பி. மற்ற இருவரும் எங்கே என்று கேட்டார் பெரியவர். ரெட்டைப் பிள்ளைக் கதை அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெரியவர் முன்னால் அது நாக்கைத் தாண்ட மறுத்தது. வண்டிக்குள் கையை விட்டு மற்ற இரண்டு தொப்பிகளையும் எடுத்து, காரின் பானெட் மேல் வரிசையாக வைத்தான். நான் ஒருத்தன்தான்யா என்றான்.

"ஒருத்தன் மூணு கொடிக்குக் கீழ நிக்கக் கூடாதுலே. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு கம்பெனிய முடிவு பண்ணுவேன். மத்த ரெண்டு பேருக்கும் உன் சங்கதிய நானே சொல்லிப்புடுவேன்."

அப்போதுதான் அவன் பின்சீட்டைப் பார்த்தான். கண்ணாடிக்கு உள்ளே யுவராணி. ஸ்பேனர் போட்டுக் கழற்றிய டெர்மினல், காற்றுப் போன டயர், பூட்டிக்கொண்ட சாவி எல்லாம் அவன் கண்ணில் வரிசையாக வந்து நின்றன. ஏதோ விளையாட்டுக்குத்தான் செய்கிறாள் என்று நினைத்திருந்தான். இப்படிப் பரீட்சை வைக்க என்று நினைக்கவில்லை.

"அப்ப... தங்கச்சியும் சோதனைதானா?"

அவள் வாயைத் திறந்தாள். அப்பா பக்கத்தில் நின்றார். மூடிக்கொண்டாள். அவன் தொப்பிகளை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... என்று அன்றைக்கெல்லாம் அவள் மனசு அவளையே திட்டியது. அவனுக்கும் வீம்பு. பெரியவர் போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் தானே போய்விடுவது என்று, ஞாயிறோடு என்னை விட்டுவிடுங்கள் என மூன்று கம்பெனிக்கும் சொல்லிவிட்டான். வண்டியைச் சங்கரன்கோவில் ஆள் ஒருவருக்கு விலை பேசி, கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறான் என்ற செய்தி டிராவல்ஸ் டிரைவர்கள் வாய்வழியாக அவள் காதுக்கு வந்தது.

ஞாயிறும் வந்தது. அன்று சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைக் குன்றுப் பெருமாள் கோவிலில் நாலு பேரை இறக்கிவிட்டு யுவராணி தனியாகத் திரும்பும்போது கார் நின்றுவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே. எஞ்சின் பெல்ட் அறுந்துவிட்டது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் சரிய, மழை சரம் சரமாக இறங்கியது. பனைமரங்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு நின்றன.

அஞ்சேலுக்குப் போன் செய்தாள். செத்த நேரம் பொறுத்து, எங்க ஆள் வர மறுக்கிறார் என்றது குரல். சாரதி கேரும் அதையே சொன்னது. மூன்று கம்பெனியிலும் எது உசத்தி என்ற கேள்விக்கு அப்போதுதான் அவளுக்கு விடை தெரிந்தது. அவன் வராவிட்டால் மூன்றும் வெறும் போன் நம்பர்.

கடைசியாக விரைவுத்துணை. வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மழைதான், வேறொன்றும் இல்லை.

"உங்க ஆள்கிட்ட நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. இந்தத் தடவ நான் எதையும் கழட்டல. தங்கச்சி சோதனை இல்லன்னும் சொல்லுங்க."

போனில் பேசிய பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சொல்லியிருக்கிறாள், ஒரு எழுத்து விடாமல். அன்றைக்கு அந்த ரெக்கவரி வண்டி வந்த வேகத்தில் மழை இரண்டாகப் பிளந்து வழி விட்டது. சாலையின் ஒரு பாதி மறுநாள் வரைக்கும் காய்ந்தே கிடந்ததை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

தலையில் தொப்பி இல்லை. ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. காரைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினான். அவள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வைப்பர் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை... இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அசைந்தது.

வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வெளிச்சத்துக்குள் நுழையும்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"எனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. மூணு பேரா வந்தது நான் ஒருத்தன்தான். ஆனா..." என்று கியரைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "மூணு பேருக்கும் உங்களப் பிடிச்சுப் போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபுரம் வந்தது. தேரடி வந்தது.

"எனக்குத் தங்கச்சி கிடையாது" என்றாள். "அவ சாப்பிடலன்னு சொன்னேன்ல... சாப்பிடாம கெடந்தது நான்தான்."

வண்டி நின்றுவிட்டது. அவன் பிரேக் போடவில்லை.

டிராவல்ஸ் வாசலில் ஆண்டிச்சாமி காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆச்சே, எந்தக் கம்பெனின்னு சொல்லு என்றார். பாண்டிதுரை என்றாள் மகள். அது கம்பெனி பெயர் இல்லையே என்றார். இனிமேல் அதுதான்பா என்றாள். பெரியவர் அவன் வெறுந்தலையை மேலும் கீழும் பார்த்தார். மூன்று கொடியையும் இறக்கிவிட்டு, கூப்பிட்ட குரலுக்கு நனைந்துகொண்டு வந்து நிற்கிறவனை ராணுவத்தில் என்ன செய்வார்கள் என்று யோசித்தார்.

"வண்டிய விக்காத" என்றார். "நம்ம கார் அம்புட்டும் இனி உன் பொறுப்பு." பிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "இதுவுந்தான்."

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு ரெக்கவரி வண்டியில்தான் நடந்தது. கொக்கியில் முழுக்க மல்லிகை. மலையில் இருந்து அந்த மேகமும் வந்து, பந்தியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிற்று.

யுவராணிக்கு, அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, கார் ஓட்டத் தெரியாது. என் வீட்டுக் கூரை இன்னும் ஒழுகவில்லை.