தறி மிதிக்காத கால்கள்

ஆரணியில் புதிதாகத் திறந்திருந்த ஸ்கேன் சென்டருக்குத் தனக்கோடி வந்தபோது பட்டப்பகல். வாசலில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏசிக் குளிரும் டெட்டால் வாடையும்.

லட்சத்தில் ஒருவருக்கு வரும் சிறுநீரகப் புற்று. போன வருஷம் அவள் அக்கா அன்புச்செல்வியைக் கொண்டுபோனது. இப்போது தங்கை தனக்கோடிக்கு. ஒரு சிறுநீரகத்தை எடுத்தாகிவிட்டது. வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

ஸ்கேனுக்கு முதல் நாள் தறியில் உட்காரக் கூடாதென்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். உழைத்த தசையும் ஸ்கேனுக்குப் போடும் ஊசி மருந்தை இழுத்துக்கொண்டு, புற்றைப் போலவே படத்தில் பளிச்சென்று தெரியுமாம். அக்கா கேட்கவில்லை. அரக்குப் பட்டு முகூர்த்தச் சேலை நின்றுவிடுமென்று நாள் முழுக்க நெய்துவிட்டு வந்து படுத்தாள். படம் கெட்டது. மறுபடி வருவதற்குள் நோய் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. பாழாய்ப்போன சேலை, உயிரைவிடவா பெரிது! இன்னும் பாதியில், இருவரும் நெய்த தனக்கோடி வீட்டுத் தறியிலேயே கிடக்கிறது.

தனக்கோடி அந்தத் தப்பைச் செய்வாளா? தறி அறையைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் படுத்தாள்.

மெஷின் அவளை உள்ளே இழுத்தது.

டக். டக்.

மெஷின் சத்தம்தான், தறி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் டெக்னீஷியன் ரஞ்சித்குமார் முகம் சுளித்தான்.

"நேத்து தறி மிதிச்சீங்களாக்கா?"

"ஐயோ, சாமி சத்தியமா அந்தப் பக்கமே போவலப்பா!"

திரையில் அவள் கால்களும் தோள்களும் கங்காய் எரிந்தன.

"இதுல எது நோவு, எது உழைப்புன்னே பிரிக்க முடியலக்கா. மறுபடி வரணும்."

அவள் புருஷன் குமரேசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்டி பொய் சொல்ற? ராத்திரி பூரா நெய்ஞ்சிகினு இருந்தியே, சத்தம் கேட்டுச்சே!"

"நானா? நான் தூங்கிகினு இருந்தேன்யா..."

முந்தானை முடிச்சு அவிழவே இல்லை.

வீட்டில் பூட்டும் போட்டபடியே இருந்தது. திறந்தார்கள். அக்கா தலையில் வைக்கும் மரிக்கொழுந்து வாடை.

சேலை ஒரு சாண் வளர்ந்திருந்தது.

குமரேசன் கத்தரியை எடுத்துத் தறியின் பாவு நூலை அறுத்தெறிந்தான்.

அடுத்த ஸ்கேனுக்கு முதல் நாள் போளூரில் நாத்தனார் வீட்டில் தங்கினாள். அந்தத் தெருவிலேயே தறி கிடையாது. அப்பாடா என்று தூங்கினாள்.

காலையில் ஸ்கேன் அறையில் நர்ஸ் செருப்பைக் கழற்றச் சொன்னாள். தனக்கோடி குனிந்தாள். கெண்டைக்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

கால் விரலிடுக்கில் ஓர் அரக்குப் பட்டு இழை.

"அக்கா..." இழையைப் பிடுங்கினாள். "எனக்கு நேரம் இல்லக்கா. விட்டுடு."

இன்னும் போடவே போடாத மெஷினுக்குள்ளிருந்து பதில் வந்தது.

டக். டக்.